லண்டனர்கள் படுத்து உறங்கிய ஸ்டேஷன்

1. கார்த்திகை மாதம் அடித்த புயலில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோயிற்று.

2. புதுக் கூரை போடும் வரைக்கும் எங்கள் தெருவார் எல்லோரும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டோம்.

3. சித்திரையில் அக்கா எட்டாம் வகுப்பை முடித்தாள்.

4. திண்டிவனத்தில் பெண்களுக்கான மிஷன் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. படிப்புச் சம்பளம் கட்டாமல் சேரக்கூடிய இடம் அந்த வருஷம் ஒன்றே ஒன்று. அதற்குத் தேர்வு வைத்தார்கள்.

5. லண்டன் பட்டணத்தில் வசிப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். அக்கா சொன்னாள்.

6. கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார்.

வரிசையாக எழுதிவிட்டால் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது ஒன்பது வயதில் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததாலேயே அன்று முழுவதும் நான் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தேன்.

யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம் அது. அப்பாவுக்கு லோகோ ஷெட்டில், சங்கு ஊதியதும் ஓடிப்போய் என்ஜினுக்குக் கரி ஏற்றும் வேலை. அம்மா மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தாள். அக்காவுக்காக அம்மா மண்டி மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். திண்டிவனத்தில் இடம் கிடைத்தால் அக்கா டீச்சர். கிடைக்காவிட்டால் மறுநாளே மண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு விரிக்கப்படும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அக்கா எந்தப் பக்கம் போக ஆசைப்பட்டாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் தூக்கத்தில்கூட ஆங்கிலம் முணுமுணுத்தாள்.

அந்த ஆங்கிலம் அவளுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஆங்கிலப் புத்தகம் வாத்தியார் கையில் ஒன்றுதான். அவர் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுவார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். பிறகு அதில் ஒரு சொல்லை மட்டும் துணியால் அழித்துவிட்டு, வேறு ஒன்றை அங்கே எழுதுவார். மறுபடி கத்துவோம். முதலில் பசு பால் கொடுக்கும். அடுத்தது ஆடு கொடுக்கும். அதற்கடுத்து எருமை வந்து நிற்கும். ஜங்ஷனில் மதராஸ் வண்டியிலிருந்து பாண்டிச்சேரிப் பெட்டிகளைக் கழற்றி வேறு என்ஜினில் மாட்டுவதை அன்றாடம் பார்க்கிற பிள்ளைகள் நாங்கள். ஆகவே இந்தப் பாடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பெட்டி மாத்தறது’.

அக்கா இதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். புத்தகத்து வாக்கியங்கள் தீர்ந்துபோனதும் எங்கள் வீட்டைப் பற்றியே வாக்கியம் செய்தாள். அப்பா விடியுமுன் கூழ் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடுகிறார்கள். இப்படிச் சில. ரயில்வே குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது குடத்தின் ஆட்டத்துக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டே நடப்பாள். அவ்வப்போது என் பக்கம் திரும்பி, “பெட்டி?” என்பாள். நான் வாயில் வந்ததைச் சொல்ல வேண்டும்.

“கழுதை!”

உடனே அப்பா இருந்த இடத்தில் கழுதை வந்து மாட்டிக்கொள்ளும். கழுதை கூழ் குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போகும். நாங்கள் குடத்துத் தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரிப்போம். ஒருநாள் அப்பா காதில் விழுந்துவிட்டது. “ரெண்டும் சேந்துக்கினு இங்கிலீஷ்ல என்னைத்தான் திட்றீங்களா?” என்றார். அக்கா கொஞ்சமும் தயங்காமல், “ஆமாம்பா” என்றாள்.

எனக்கு அர்த்தம் தெரியாது. மெட்டு மட்டும் தெரியும். ஒரு வாக்கியத்தின் நடுவில் எந்தப் பெட்டி வந்தாலும், அதன் ஏற்ற இறக்கத்தை வைத்து அது எங்கள் வீட்டு வாக்கியங்களில் எது என்று சொல்லிவிடுவேன்.

தேர்வன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா கூட்டிக்கொண்டு போனார். அம்மாவின் தம்பி அவர். என்ஜின் டிரைவர்கள் வந்து தங்கும் ரன்னிங் ரூமில் சமையல்காரர். அதனால் எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத்துக்கு அவர்தான் அதிகாரி. முட்டை, சூப், சீக்கிரம், முட்டாள் ஆகிய நான்குக்கும் அவருக்கு ஆங்கிலம் சரளமாக வரும். நான் அழுது அடம்பிடித்ததால் என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

திண்டிவனத்தில் அந்தப் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்ததும் நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். மரத்தடியில் ஓர் இலைகூட இல்லை. யாரோ பெருக்கி, அதன் மேல் விளக்குமாற்றுக் கோடுகூடக் கலையாமல் விட்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி இருந்தது. அந்த வெயிலிலும் உள்ளேயிருந்து குளிர்ச்சியான ஒரு வாசனை வந்தது. சாமி இருக்கிற இடத்தில்தான் இப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.

பெண்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். டீச்சரம்மா ஒருவர் பலகையில் சொற்களை எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெண் எழுந்து வாக்கியங்கள் சொன்னாள். அறையின் பின்பக்கம், பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு மிஸ்ஸியம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளியின் தலைமை அவர்தான். ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டிக்குள் வெள்ளைக்காரப் பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அவருடைய புறங்கையில் நீல நரம்புகள் தெரிந்தன. அவர் விசிறுவதை நிறுத்தியபோதெல்லாம் அறையில் யாரும் அசையவில்லை.

கடைசியாக டீச்சரம்மா எழுதிய சொல் லண்டனர். லண்டன் பட்டணத்தில் வசிக்கிறவர் என்று தமிழில் விளக்கமும் சொன்னார். அதற்கு மட்டும் இருவரை வாக்கியம் சொல்லச் சொன்னார்.

எனக்குப் புல்லரித்தது. ஒரு பட்டணத்தில் இருக்கிற அத்தனை பேரையும், குழந்தை முதல் கிழவர் வரை, ஒரே சொல்லால் அள்ளி எடுத்துவிடலாம் என்பது நான் அதுவரை அறியாத விஷயம். அந்தப் பட்டணத்தில் பிறந்தவுடனே தொட்டிலில் கிடக்கும்போதே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் எழுந்தவள், சர்ச்சில் வேதம் சொல்லும் ஓர் உபதேசியாரின் மகள். பூப்போட்ட ரவிக்கை, பளபளவென்று வாரிய தலை. அந்த இடம் அவளுக்குத்தான் என்று வெளியே மரத்தடியில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். லண்டனர் தைரியசாலி, லண்டனர் ராஜாவை நேசிக்கிறார் என்ற பொருளில் கணீரென்று சொன்னாள். டீச்சரம்மா பெருமையோடு மிஸ்ஸியம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸியம்மா தலையசைத்துக்கொண்டு விசிறினார்.

அடுத்தது அக்கா.

அவள் எழுந்து கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். லண்டனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ராஜா அங்கே இருக்கிறார் என்பது தெரியும். அவரைத்தான் உபதேசியார் மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவின் வலது கை இடுப்பருகே போய் நின்றதைப் பார்த்தேன். குடத்தைப் பிடிக்கிற கை அது. அப்புறம் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

மெட்டு எனக்குத் தெரிந்தது. லண்டனர்கள் விடியுமுன் கூழ் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சங்கு ஊதியதும் லண்டனர்கள் ஓடுகிறார்கள். மூன்றாவது, அவள் புயலுக்குப் பிறகு செய்த நீளமான வாக்கியம்: லண்டனர்களின் வீட்டுக்குக் கூரை இல்லாமல் போயிற்று, அதனால் லண்டனர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் போய்ப் படுத்து உறங்கினார்கள். அதில் ‘ரயில்வே ஸ்டேஷன்’ என்ற இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகவே புரிந்தன. ஆகா, லண்டனிலும் கார்த்திகைப் புயல் அடித்திருக்கிறது, அது அக்காவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று நான் அசந்துபோனேன்.

விசிறி கீழே விழுந்தது. மிஸ்ஸியம்மா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய், வேப்பமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். டீச்சரம்மா அக்காவின் அருகே வந்து, அடித்தொண்டையில், “ஏம்மா, உனக்கு வேற வாக்கியமே கெடைக்கலியா? கூழாம், பிளாட்பாரமாம்! யார் முன்னாடி இன்னா பேசறதுன்னு தெரியாது?” என்றார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மிஸ்ஸியம்மா திரும்பி வந்தார். நேரே அக்காவின் முன்னால் வந்து நின்றார். அவருடைய தமிழ் வேதப் புத்தகத்தில் கற்ற தமிழ்.

“மகளே, இந்தச் செய்தியை உனக்கு அறிவித்தவர் யார்?”

“யாரும் இல்லிங்கம்மா. புயல் அடிச்சப்ப நாங்கதான் வுழுப்பரம் ஸ்டேஷன்ல படுத்துக்கினு இருந்தோம். அதையே லண்டனுக்கு மாத்திப் போட்டேங்க.”

டீச்சரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“அவ்விடத்தில் உறங்க முடிந்ததா?”

“எங்களுக்கு முடிஞ்சுதுங்க. எங்கம்மாதான் தூங்கலை.”

“உன் தாயார் மிகவும் பயந்தார்களோ?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இது தேர்வில் இன்னொரு கேள்வி என்றும், பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றும் எனக்குத் தோன்றியது. கல்லின் மேல் எம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“மொத ராத்திரி பயந்தாங்க! அப்பாலே பயப்படலை. பக்கத்துப் பாய்க்காரம்மாகூட பேசிக்கினு இருந்தாங்க. சிரிச்சாங்ககூட!”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். என் பின்னாலிருந்து மாமா பாவாடையைப் பிடித்து இழுத்தார். மிஸ்ஸியம்மா ஜன்னலை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவு உயரமான அம்மாள், என் முகத்துக்கு நேரே வருவதற்காகக் குனிந்தார். அந்தக் கண்கள் எங்கள் ஏரித் தண்ணீர் காலையில் இருக்கும் நிறத்தில் இருந்தன.

“அங்கே குளிராயிருந்ததா, சிறுமியே?”

“இல்லிங்க. நெறையப் பேரு ஒண்ணா படுத்தா குளுராதுங்க.”

“குளிராது,” என்று அவர் திருப்பிச் சொன்னார். நாங்கள் வகுப்பில் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிற மாதிரியே சொன்னார். பிறகு, “நல்லது. நல்லது” என்றார். அக்காவை உட்காரச் சொன்னார். கீழே கிடந்த விசிறியை அவரே எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வண்டியில் மாமா அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, வெள்ளக்காரங்களைக் கூழு குடிக்க வெச்சு, பிளாட்பாரத்துல பாய் போட்டுப் படுக்க வெச்சுட்டு, அப்பாலே எடமும் குடுன்னா குடுப்பாங்களா? அந்தப் பொண்ணு பாரு, ராஜா கீஜான்னு ஜம்முனு சொல்லிச்சு. உனக்கு ஒரு ராஜா கெடைக்கலை?”

“அவ சொல்லிட்டாளே மாமா.”

“சொன்னா இன்னா? ராணி இல்ல? ராணியப் போடறது!”

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மயிலம் மலை வந்து போயிற்று. நான் மெதுவாக, “லண்டன்லயும் காத்து அடிச்சுதாக்கா?” என்று கேட்டேன். “எனக்கு லண்டனைப் பத்தி ஒரு எழவும் தெரியாது, நம்மள வெச்சுத்தான் சொன்னேன்” என்று அவள் அழுகையோடு சொன்னாள். எனக்கு அப்போதும் வியப்பு குறையவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நேரமாவது லண்டனர்களாக இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றால் அது சாதாரண விஷயமா?

“மாமா, லண்டன்ல இருக்கறவங்க லண்டனரு. நமக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு?”

மாமா யோசித்தார். “ரன்னிங் ரூம்ல டிரைவருங்க என்னை ‘ஏய் மேன்’னுதான் கூப்புடறாங்க. அதான் நம்ம பேரா இருக்கும்” என்றார்.

வீட்டில் மாமா நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் மண்டியில் சாக்கு விரிக்கப்பட்டது. சித்திரை வெயிலில் அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தாள். சில நாளில் அவளுடைய விரல் நுனிகள் உரிந்து சிவந்துபோயின. குழாயடிக்குப் போகும்போது அவள் வாக்கியம் சொல்வதில்லை. நான் வேண்டுமென்றே “கழுதை!” என்று கத்திப் பார்த்தேன். குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

வைகாசி முடிவதற்குள் ஒரு தபால் கார்டு வந்தது. அக்காவைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனி பிறந்ததும் பெட்டி படுக்கையோடு வர வேண்டும். மாமா அதை மூன்று தரம் படித்துவிட்டு, “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார். அவர் என்ன சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அம்மா மட்டும், “கூழு குடிச்ச கதைய சொன்னதுக்கா எடம் குடுத்தாங்க?” என்று நம்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக விளக்கெண்ணெயில் தொட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு இடம் கிடைத்ததைவிட, மிஸ்ஸியம்மா எங்கள் அம்மாவைப் பற்றி விசாரித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய அம்மாள், கண்ணாடி ஜன்னல் வைத்த இடத்தில் இருப்பவர், எங்கள் அம்மா தூங்கினாளா, பயந்தாளா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். குளிர் அடித்ததா என்பதைக்கூட விடவில்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இதைச் சொல்லி வந்தேன்.

அக்கா கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாள். போர்டிங்கில் மாலை ஜெபத்தின்போது யார் யாருக்காக வேண்டிக்கொள்வார்கள் என்று விரல் மடக்கிச் சொன்னாள். ராஜா. யுத்தத்துக்குப் போனவர்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள். அப்புறம், லண்டன் பட்டணத்தில் தனியாக இருக்கும் மிஸ்ஸியம்மாவின் தாயார். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்த மாதங்களில் அங்கே சங்கு ஊதுவார்களாம். ஊதியதும் ஜனங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, பூமிக்குக் கீழே இருக்கிற ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் பிளாட்பாரத்தில் படுப்பார்களாம். அந்த வயதான அம்மாளும் அப்படித்தான் படுத்தாராம். தேர்வு நடந்த சமயத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது. டீச்சரம்மா பாடப் புத்தகத்தில் இருந்த சொல்லென்று பலகையில் எழுதிவிட்டு, எழுதிய பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அந்தம்மா தூங்கினாங்களோ இன்னாவோ” என்றாள். அப்பா வெளியே எழுந்து போனார்.

நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, பூமிக்குக் கீழே ரயில் எப்படிப் போகும், கரிப்புகை எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க அதையே கேட்டேன். அந்த லீவு முடிந்து அக்கா திண்டிவனத்துக்கு வண்டி ஏறும்வரை என் தலைக்குள் இருந்தது அந்த ரயில் மட்டும்தான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றவர் யாருடைய தாயாரைப் பற்றி என்னிடம் விசாரித்தார் என்பதை, தனியே வெளியூர் போய்ப் படித்த நாளில்தான் நான் தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் விழுப்புரத்திலிருந்து யார் வந்தாலும் அவர்களை நிறுத்தி, அங்கே காற்று பலமா, குளிரா என்று நானே கேட்கத் தொடங்கியிருந்தேன்.

அக்கா இப்போது விக்கிரவாண்டிப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் லேபரட்டரிப் பயிற்சி முடித்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறேன். மிஸ்ஸியம்மா யுத்தம் முடிந்ததும் கப்பலேறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தாயார் இருந்தாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.